யோகன் சார் தலையில் கட்டின பரிவட்டம்

உக்காருங்க சார். ஃபேனுக்கு நேரா உக்காருங்க. பெங்களூர்லருந்து வந்தவங்களுக்கு எங்க ஊரு வெயிலு ஒத்துக்கிடாது. பாரத்த எடுத்துட்டீங்களா? மொதக் கேள்விக்கு நானே பதிலச் சொல்லிருதேன், நீங்க பாட்டுக்கு டிக் அடிச்சிக்கிடலாம். திட்டம் நடக்குற எடத்துல வன்முறை ஏதும் நடந்ததான்னுதான கேட்டிருக்கு? நடக்கல. எழுதிக்கோங்க, நடக்கல.

பதினோரு மணிக்கு எங்க அக்கா வெள்ளத்தாய் வருவா. அவ வாயாலயே சொல்லுவா, கையெழுத்தும் போடுவா. நீங்க அந்தத் தாள வெளிநாட்டுக்கு அனுப்புவீங்க. உங்கள அனுப்புன ஓல்ஸ்டாட் கம்பெனியும் எங்க முதலாளியும் ரெண்டாவது கூட்டு ஒப்பந்தம் போடுவாங்க. இன்னும் நாப்பது கரண்டு காத்தாடி. அடிதடி நடந்த எடத்துல கூட்டு வைக்க மாட்டோம்னு வெள்ளக்காரங்க சட்டம் வச்சிருக்காங்களாம்லா? முதலாளி சொன்னாரு. நல்ல சட்டம் சார். எனக்கும் அடிதடின்னாலே ஆகாது.

எம் பேரு பூலுடையார். சும்மா பூலுன்னே கூப்புடலாம். உங்க பாரத்துல என் வேலைக்கு என்ன போட்டிருக்கு? ஆங், சமூகத் தொடர்பு அலுவலர். முதலாளி போட்ட பேரு. கூட்டுன்னா என்னன்னு எங்க ஊர்ல நாந்தான் எல்லாருக்கும் வெளக்குனேன். வெள்ளக்காரன் மிஷினும் துட்டும் போடுதான். எங்க முதலாளி எடமும் ஆளும் போடுதாரு. காத்து ஆண்டவன் போடுதான். கரண்ட வித்து வாரதுல அவங்க ரெண்டு பேருக்கும் பாதிப் பாதி. இதுல எடம்னா பட்டா, ஆளுன்னா நான்.

நான் மட்டும் இல்ல, எங்க அத்தானும்தான். அக்கா வீட்டுக்காரரு, கொம்பையான்னு பேரு. மேலூருக் காடு பூராவும் அவருக்குப் பழக்கம், கீழூரு எனக்குப் பழக்கம். நாங்க ரெண்டு பேரும் சேந்துதான் மொத இருவது காத்தாடிக்கு எடம் பிடிச்சுக் குடுத்தோம். மேல ரெண்டு கம்பெனி கூட்டு, கீழ அத்தானும் மச்சினனும் கூட்டு. அவ்வளவு ஒத்துமை சார்.

அடிதடின்னு ஒண்ணு நடந்திருந்தா அப்பவே நடந்திருக்கணும். ஆடு மேய்க்கிறவன் ஒருத்தன் சர்வே கல்லப் பிடுங்கிப் பிடுங்கி ஓடையில போட்டான். நான் அவன அடிச்சனா? இல்ல. கூப்புட்டு வச்சுப் பேசுனேன். பேசிக்கிட்டு இருக்கும்போதே அவன் பின்னால நகந்தான், கெணத்து மேட்டுல கால் வழுக்கிருச்சு. ரெண்டு வெரல் ஒடிஞ்சுது. நாந்தான் சார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். அதுக்கப்புறம் எவனும் கல்லப் பிடுங்கல. பேசித் தீக்க முடியாதது எதுவுமே கிடையாது.

சரி, கோயில் கொடைக்கு வாரேன். அதக் கேக்கத்தான வந்திருக்கீங்க.

வைகாசியில எங்க சொடலைமாட சாமிக்குக் கொடை. அன்னைக்கு சாமி முன்னால மொதப் பரிவட்டம் அத்தான் குடும்பத்துக்கு. பரிவட்டம்னா தலையில கட்டுற துணி சார், ஒரு மொழம் சிவப்புப் பட்டு, அவ்வளவுதான். ஆனா மொதல்ல யாரு தலையில கட்டுதாங்களோ அவன்தான் அந்த வருசம் ஊருக்குப் பெரியவன். அத்தான், அவுக அப்பா, அவருக்கு அப்பா, இப்படியே வருது. ரெண்டாவது எங்க குடும்பத்துக்கு. பொறந்ததுலருந்து நான் ரெண்டாவதுதான். அதுல எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. நான் அதப் பத்தி நெனச்சதே இல்ல. நாப்பத்தியாறு வருசமா நெனச்சதே இல்ல.

இந்த வருசம் யோகன் சாரு வந்தாரு. ஓல்ஸ்டாட்ல பெரிய ஆளு. அவரு பேரு வேற என்னமோ, எங்களுக்கு வாயில நொழையல, யோகன்னு வச்சிட்டோம். ஆறடி ஒசரம், வெயில்ல நின்னா செவந்து போற மனுசன், எல்லாத்துக்கும் சிரிப்பாரு. கொடையப் பாக்கணும்னாரு. எனக்கு அப்ப ஒரு யோசன தோணுச்சு. மொதப் பரிவட்டத்த யோகன் சாருக்குக் கட்டுனா என்ன? கம்பெனிக்கு மரியாத. கூட்டு பலமாகும். எந்தக் கம்பெனிக்கு எந்த ஊர்ல இப்படிச் செஞ்சிருக்காங்க? நீங்களே சொல்லுங்க.

பூசாரியத் தனியாப் பாத்துப் பேசுனேன். அவருக்குக் கைநடுக்கம் உண்டு, அன்னைக்குக் கூடுதலா நடுங்குச்சு. வேற ஒண்ணும் இல்ல.

அத்தான் குளிச்சுட்டு, புது வேட்டி கட்டி, ஈரத் தலையோட வந்து குனிஞ்சு நிக்காரு. பூசாரி அவரத் தாண்டிப் போயி யோகன் சாரு தலையில கட்டிட்டாரு. மேளம் நின்னு போச்சு சார். யோகன் சாரு சிரிக்காரு, கையெடுத்துக் கும்புடுதாரு, கூட வந்த பொண்ணு போட்டோ எடுக்கா. மொதப் பரிவட்டக்காரருக்கு வலது பக்கம் நிக்கிறவனுக்குத்தான் அடுத்தது. வலது பக்கம் நான் நின்னேன். எதேச்சையா நின்னேன். அப்ப அத்தான் மூணாவது ஆயிட்டாரு. அது கணக்கு, அதுக்கு நான் என்ன பண்ணுவேன்?

அத்தான் நேரா யோகன் சாருகிட்ட வந்தாரு, மெதுவா அந்தத் துணிய அவுத்தாரு, மடிச்சாரு, சாமி பீடத்துல வச்சிட்டாரு. "இவருக்கு ஒண்ணும் தெரியாது, பாவம். ஒனக்குத் தெரியும்லா பூலு?"ன்னாரு. அவ்வளவுதான் சொன்னது.

சார், அவரு என்னச் சொல்லிருந்தா நான் பொறுத்திருப்பேன். கம்பெனி தலையில கைய வச்சிட்டாரே! வந்த விருந்தாளி தலையில! நான் அவரு நெஞ்சுல லேசா ஒரு தள்ளு தள்ளுனேன். வெலக்கிவிடுறதுதான். அவரு பீடத்து மேல விழுந்தாரு, பின்மண்ட பிளந்துருச்சு. அதுக்கப்புறம் யாரு எத எடுத்தாங்கன்னு எனக்குத் தெரியாது. சாமி கையில இருந்த வல்லய ஈட்டியப் பிடுங்குனது அவங்க ஆளு. ட்யூப்லைட்டக் கழத்துனது எங்க ஆளு. ஒருத்தனுக்குக் கண்ணுப் போச்சு. ஒருத்தனுக்குத் தாடை எறங்கிருச்சு. பொங்கப் பானையெல்லாம் ஒடஞ்சு, கொதிக்கிற சோத்துல பொம்பளையாளு ரெண்டு பேரு விழுந்துட்டாங்க. யோகன் சாரு சட்டையில ரத்தம். அவரு ரத்தம் இல்ல, பயப்படாதீங்க, அது எங்க அத்தான் ரத்தம். நான் யோகன் சார என் முதுகால மறச்சு வண்டிக்குக் கொண்டு போனேன். வண்டிக்குள்ள ஏறியும் மனுசன் அந்த ரத்தத்தையே பாக்காரு. "சார், இது வருசா வருசம் உள்ளதுதான், கொடையில ஒரு பகுதி"ன்னேன். அந்தப் போட்டோப் பொண்ணு அவரு பாஷையில எடுத்துச் சொன்னா. அவரு தலையாட்டுனாரு.

இத வன்முறைன்னு யாரு ஒங்களுக்கு எழுதுனா? அந்தப் பொண்ணா? திருவிழா சார் அது.

அத்தானுக்குப் பதினாலு தையல். ஆஸ்பத்திரியிலருந்து வந்தவரு வீட்டுக்குப் போகல. கட்டில எடுத்துட்டுப் போயி அவரு வயக்காட்டு மொனையில போட்டுப் படுத்துட்டாரு. அந்த மொனை என்ன மொனைன்னு நெனைக்கீங்க? காத்தாடி இறக்கைய ஏத்திட்டு வார லாரி திரும்புற எடம். காத்தாடி இறக்க ஒவ்வொண்ணும் அறுவது மீட்டர் சார், லாரி திரும்பணும்னா அவரு நெலத்துல அஞ்சு சென்டு மேல ஏறித்தான் திரும்பணும். அதுக்கு அவரு பாதி கூட்டாளியா இருந்து ஒத்துக்கிட்டுக் கையெழுத்துப் போட்டவரு. இப்ப கட்டில்ல கெடக்காரு. லாரி நிக்கி. பதினோரு நாளு சார். ஒத்த இறக்கையத் தூக்கிட்டு வெயில்ல நிக்கி. கிரேனு நிக்கி. யோகன் சாரு அவுக ஊர்லருந்து எங்க முதலாளிக்குப் போன் போடுதாரு, முதலாளி எனக்குப் போடுதாரு. "ஆளக் கெளப்பத்தான ஒன்ன வச்சிருக்கேன்"ங்காரு.

அத்தான் என்ன கேட்டாரு தெரியுமா? துட்டுக் கேட்டாரா? இல்ல. "பூலு சாமி முன்னால வந்து ஊரு பாக்க விழுந்து கும்புட்டு, தப்புன்னு ஒரு வார்த்த சொல்லட்டும். கட்டில நானே எடுத்துருதேன்." இதான் கேட்டது. அக்காவத்தான் தூது விட்டாரு. அக்கா வந்து இதே நாற்காலியில உக்காந்து சொன்னா. "ஒரு வார்த்ததானடா தம்பி. நான் வேணா ஒன் கூட நிக்கேன்"னு அழுதா.

விழுறதுக்கு எனக்கு ஒண்ணும் இல்ல சார். ஆனா நான் இப்ப தனி ஆளா? கம்பெனி ஆளுலா? நான் விழுந்தா ஓல்ஸ்டாட் விழுந்த மாதிரிலா ஆயிரும்? யோகன் சாரு மொகத்துல எப்படி முழிப்பேன்?

பன்னெண்டாம் நாளு மத்தியானம் பேசத்தான் போனேன். கூட அஞ்சு பயலுகளக் கூட்டிட்டுப் போனேன். அருவா எதுக்குன்னு கேக்காதீங்க, காட்டுப் பாதைக்குப் போறவன் கையில அருவா இருக்கத்தான் செய்யும். அக்கா அப்பத்தான் தூக்குவாளியில சோறு கொண்டாந்து அத்தானுக்குப் பெசஞ்சு குடுக்கா. மண்டையில கட்டு, ஒத்தக் கண்ணு வீங்கி மூடிக் கெடக்கு, அப்படியும் உக்காந்துக்கிட்டு என்னப் பாத்துச் சிரிக்காரு சார். "வா பூலு, சாப்புட்டியா?"ங்காரு. அந்தச் சிரிப்பு இருக்குல்லா, அதுலதான் எனக்கு... இல்ல, எனக்குக் கோவம் வரல. எனக்குக் கோவமே வராது. தோள்ல லேசா ஒரு கீறல் போட்டா எந்திரிச்சுப் போயிருவாருன்னு நெனச்சேன். அவரு எதுக்கு சார் கைய மேல தூக்குனாரு? நீங்களே யோசிங்க. கையத் தூக்காம இருந்திருந்தா தோளோட போயிருக்கும். மணிக்கட்டுல விழுந்துருச்சு.

வலது கை. கட்டிலுக்குக் கீழ மண்ணுல கெடந்துச்சு. வெரல்ல சோத்துப் பருக்க ஒட்டிருக்கு. அக்கா கத்தல சார், அதான் எனக்கு இன்னைக்கும் புரியல. தூக்குவாளிச் சோத்தக் கீழ கொட்டுனா. அந்தக் கைய எடுத்து அதுக்குள்ள வச்சா. சேலையக் கிழிச்சு அத்தானுக்குக் கட்டுனா. வாளிய இடுப்புல இடுக்கிக்கிட்டு அவரத் தோள்ல சாச்சு ரோட்டுக்கு நடக்கா. எங்க பயலுக எவனும் கிட்டப் போகல. நான் வண்டி தாரேன்னு கூப்புட்டேன். நெஜமாவே கூப்புட்டேன். திரும்பிப் பாக்கல. பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது நேரமாயிருச்சாம், கைய ஒட்ட முடியலன்னுட்டாங்க. அதுக்கும் நானா பொறுப்பு?

ஆனா ஒண்ணு சார், ஒரு மணி நேரத்துல லாரி திரும்பிருச்சு. அறுவது மீட்டரு இறக்க, ஒரு எடத்துல இடிக்கல, ஒரசல. டிரைவரு வடநாட்டுக்காரன், எறங்கி வந்து என் கையப் பிடிச்சுக் குலுக்குனான். முதலாளி போன்ல "சபாஷ்"னாரு.

போலீசா? வந்தாங்க. கதிரறுக்கிற மிஷின்ல கை மாட்டிருச்சுன்னு எழுதிக்கிட்டுப் போனாங்க. அத்தான் வீட்டுக்குள்ள செவுத்தப் பாத்துப் படுத்துட்டாரு. அக்காதான் கலெக்டர்கிட்டப் போறேன், வெள்ளக்காரங்களுக்கு எழுதிப் போடுதேன்னு நின்னா. அப்பத்தான் நெனச்சேன், ஒறவு விட்டுப் போகக் கூடாதுன்னு. அவ மக செம்பகம் எம் மகனுக்கு முறைப்பொண்ணு. எப்படியும் எங்க வீட்டுக்கு வரவேண்டியவதான. காலேஜு பஸ்ஸுக்கு நின்னவள நம்ம வண்டியில ஏத்திக் கூட்டிட்டு வந்துட்டேன். ஆவணியில கல்யாணம். ரெண்டு மாசமா இங்கதான் இருக்கா. மொதல்ல ஒரு வாரம் சாப்புடல, கதவப் போட்டு அடிச்சா. கைப்பிள்ள மாதிரி அடம். இப்ப அமைதி ஆயிட்டா. அந்த ரூம்புதான் சார். வெளிய கொண்டி போட்டிருக்குன்னு பாக்கீங்களா? காத்துக்குக் கதவு அடிக்கும், அதுக்காக.

அந்தா, அக்கா வந்துட்டா. வாக்கா. உக்காருக்கா. நிக்கியா? சரி நில்லு. சார், இவதான் வெள்ளத்தாய். கேளுங்க, என்ன வேணாலும் கேளுங்க.

பாத்தீங்களா, என்ன சொல்லுதா? "யாரும் யாரையும் அடிக்கல." நான் சொன்னதுதான? அத்தான் கையப் பத்திக் கேளுங்க. "மிஷின்ல போச்சு." எழுதுங்க சார். "தம்பி மேல எந்தக் கொறையும் கிடையாது." அது ரெண்டாவது கட்டம், அதுல டிக் அடிங்க. அக்கா, இங்க போடு கையெழுத்து. எழுதத் தெரியும் சார் அவளுக்கு, எட்டாங் கிளாஸு. பாருங்க, குண்டு குண்டா எப்படி எழுதுதா! முடிஞ்சுது. ஒரு காப்பி சாப்புட்டுப் போகலாம் சார்.

என்னக்கா?

செம்பகத்தயா? இப்பவா? நல்லா இருக்கே, ஆவணிக்கு இருவது நாளுதான் இருக்கு. நலங்கு வைக்கப் போற புள்ளைய வெளிய அனுப்புவாங்களா? ஆமா, சொன்னேன். கையெழுத்துப் போட்டா அனுப்புதேன்னு சொன்னேன். அது ஒரு பேச்சுக்குச் சொல்லுறது. ஒண்ணுமில்ல சார், கல்யாண விசயம், நீங்க கெளம்புங்க.

சார்கிட்ட என்ன கேக்க? இன்னொரு தாளா? எதுக்கு? அக்கா, சும்மா இரு. சார், அத எழுதாதீங்க. "எம் புருசன் கைய வெட்டுனது இந்தப் பூலுடையார்." அவளுக்குப் புத்தி சரியில்ல சார், அன்னையிலருந்தே சரியில்ல. "எம் மகளத் தூக்கிட்டு வந்து அடச்சு வச்சிருக்கது இவன்." ஏட்டி, வாய மூடு. "மொதத் தாள்ல நான் போட்டது எம் பொண்ணுக்காகப் போட்ட கையெழுத்து." மூடுன்னு சொன்னேன்! மூடு! மூடு!

ஒண்ணுமில்ல சார், உக்காருங்க. எதுக்கு எந்திரிக்கீங்க? லேசாத்தான் பட்டிருக்கு. பல்லுல ஒதடு பட்டா ரத்தம் வரத்தான் செய்யும். எந்திரிக்கா, எந்திரி, துண்டு தாரேன். இது அக்கா தம்பிக்குள்ள உள்ளது சார், எங்க அம்மா இருக்கும்போதே நாங்க இப்படித்தான். இதுக்கு உங்க பாரத்துல கட்டமே கிடையாது, வேணா பாத்துக்கிடுங்க.

அங்க எங்க போற? கொண்டியில கைய வைக்காத. அக்கா, கைய வைக்காத, நல்லாருக்காது. செம்பகம், உள்ள போ! உள்ள போன்னா போ! சார், என்னய விடுங்க, எதுக்குக் குறுக்க வாரீங்க? படிச்சவரு நீங்க, ஒரு பொம்பளப் புள்ள மேல துண்டப் போத்திக் கூட்டிட்டுப் போறீங்க. ஒங்க கார்ல ரெண்டு பேரையும் எதுக்கு ஏத்துதீங்க? அவங்க கம்பெனி ஆளு இல்ல சார்! எறக்குங்க!

ஏல! கேட்டச் சாத்துங்கல! என்னல முழிக்கீங்க? சாத்துங்கல! என்ன, "கம்பெனி வண்டிலா அண்ணாச்சி"யா? ஆமா, கம்பெனி வண்டிய மறிக்கக் கூடாதுன்னு நாந்தான் சொன்னேன், இப்பவும் நாந்தான் சொல்லுதேன், மறிங்கல! ஒதுங்கி வழி விடுதான் பாரு. வணக்கம் வேற வைக்கான்!

சார்! சார், ஒரு நிமிசம், கண்ணாடிய எறக்குங்க! கையெழுத்து இருக்கது மொதத் தாள்லதான் சார்! ரெண்டாவதுல கையெழுத்து இல்ல, அது செல்லாது! மொதத் தாளத்தான் சார் அனுப்பணும்! மொதத் தாளு!